இரண்டு நூலுக்குச் சற்றுக் குறைவாக

நான்கு. இங்கேயும் நான்கு. விளக்குக்குக் கீழே நாலரை, அது இருக்கலாம், வலது பக்கமும் அதே இடத்தில் நாலரைதான், இரண்டு பக்கமும் ஒன்றுபோல நாலரை என்றால் அது பிழை இல்லை, அது அந்த வண்டியின் முக வாகு. பித்தளைப் பட்டையை பம்பர் இடுக்கில் விட்டு மெதுவாக இழுக்கிறேன், லேசாகப் பிடிக்கிறது, பிறகு வழிவிடுகிறது, அந்தப் பிடிதான் வேண்டும், அதற்கு மேல் இறுகினால் வெயிலில் பம்பர் விரியும்போது பெயிண்ட்டைத் தின்றுவிடும், அதைவிடத் தளர்ந்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். பட்டைகள் நானே தேய்த்துச் செய்தவை, மூன்று, மூன்றரை, நான்கு, நாலரை, ஐந்து, எல்லாம் மில்லிமீட்டர், ஒரு வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருக்கிறேன், பீரோ சாவியைத் தொலைத்துவிட்டு இதை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு அலைகிறீர்களே என்று என் வீட்டுக்காரி சரசு கேட்பாள், கேட்டுக்கொண்டே இட்லி வைப்பாள், ஐந்து, நான் ஐந்துதான் சாப்பிடுவேன் என்று அவளுக்குத் தெரியும், முப்பத்தொன்பது வருடமாக எண்ணாமலே ஐந்து வைக்கிறாள், அவளுக்கு எண்ணாமலே வருகிறது, எனக்கு எண்ணினால்தான் வருகிறது. மணி இரண்டு பத்து. டாக்டரம்மா ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பல் டாக்டர், பெயர் மிருதுளா. வண்டி அவருடையது, நீல நிறம், இரண்டே கதவு, தரையோடு தரையாக ஓடும் ஜாதி, ஏறி உட்காருவதில்லை, இறங்கி உட்காருவது. அதன் பழைய மூக்கைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஃபைபர் பம்பரை இன்று மாட்டியிருக்கிறேன், அகலமான வாய், கீழே உதடு மாதிரி ஒரு விளிம்பு, காற்றை அமுக்கி வண்டியைத் தரையில் பிடித்து வைக்குமாம். நாளை ஞாயிறு, செட்டிபாளையம் பக்கத்து ரேஸ் மைதானத்தில் சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் திறந்து விடுகிறார்கள், அங்கே ஓட்டப் போகிறார். ஓட்டட்டும். நான்கு, நான்கு, நாலரை. இப்படி ஒரு வேலை அமைவது வருடத்தில் இரண்டு முறைதான்.

காலையில் இப்படி இல்லை. புது பம்பரைத் தூக்கி வைத்து, பதினாறு போல்ட்டையும் கையாலேயே இரண்டு இரண்டு சுற்று மட்டும் கொடுத்துத் தொங்கவிட்டேன், எல்லாம் தொங்கிய பிறகுதான் எதையும் இறுக்க வேண்டும், ஒன்றை முதலில் இறுக்கியவன் மீதிப் பதினைந்தோடும் சண்டை போடுவான். வலது பக்கம் வந்து உட்கார்ந்தது. இடது பக்கம் வரவில்லை, இடைவெளியே இல்லாமல் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் தகட்டின் மேல் ஏறி நின்றது, அளந்தால் ஆறு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த பஞ்சு மில்லில் பேசிய கணக்கில் சொன்னால் இரண்டு நூலுக்குச் சற்றுக் குறைவு, ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. வெளியில் வாங்கிய சாமான் என்றால் அப்படித்தான், நான் இதுவரை மாட்டிய வெளிச் சாமான்களில் நேராக வந்தது இரண்டோ மூன்றோதான், அச்சு தேய்ந்திருக்கும், வார்த்தவன் அவசரக்காரனாக இருந்திருப்பான், அதனால் நான் யோசிக்கவே இல்லை. கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன், இல்லாவிட்டால் ஃபைபர் தூள் இரண்டு நாள் அரிக்கும், கிரைண்டரை எடுத்து இடது விளிம்பை ஆறு மில்லிமீட்டர் தேய்த்தேன், பானட் பக்கம் ஓடும் கோட்டையும் அதற்கேற்றாற்போல இழைத்தேன், உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன், லூயிஸ் அந்த விளிம்புக்கு நீலம் அடித்துக் காயவைத்துக் கொடுத்தார். லூயிஸ்தான் பட்டறை முதலாளி, ஐம்பது வயதுக்காரர், என்னை நஞ்சண்ணா என்பார், நஞ்சப்பன் என்ற என் முழுப்பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. மாட்டினேன். நான்கு. தேய்த்த இடம் எது, அச்சில் வந்த இடம் எது என்று எனக்கே விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பிடரியில் மட்டும் கொஞ்சம் அரிக்கிறது, அங்கே எண்ணெய் எட்டவில்லை, பரவாயில்லை, அரிப்பும் சுகமாகத்தான் இருக்கிறது, மேலே மின்விசிறி ஓடுகிறது, எதிர் டீக்கடையில் யாரோ பால் போதாது என்று சொல்கிறார்கள், போதாது, போதாது என்று இரண்டு முறை.

இனி ஒரே ஒரு வேலை. கழற்றிய பழைய சாமானை எண்ணி முடிந்து கொடுப்பது. புது பம்பரோடு புது போல்ட் பொட்டலமே வந்துவிட்டது, ஆனால் பழையதைத் தகர டப்பாவில் எறிகிற பழக்கம் எனக்கு இல்லை, வெள்ளைத் துணியில் முடிந்து, எத்தனை போல்ட், எத்தனை வாஷர் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்து, வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன், அவர்கள் அதை வாங்கி என்ன செய்வார்கள் என்பது என் கவலை இல்லை. தட்டைக் கவிழ்த்தேன். போல்ட் பதினாறு. வாஷர் பதினேழு. மறுபடி எண்ணினேன், இரண்டு இரண்டாக, எட்டு ஜோடியும் ஒன்றும். ஒரு போல்ட்டுக்கு ஒரு வாஷர் என்பதுதான் இந்த வண்டியின் கணக்கு. குறைந்தால் எங்கோ விழுந்தது என்று தேடலாம். கூடினால் எங்கே தேடுவது. கழற்றும்போதே எண்ணியிருக்க வேண்டும், எப்போதும் எண்ணுவேன், காலையில் டாக்டரம்மா பக்கத்தில் நின்றுகொண்டு இது என்ன ஐயா, அது எதற்கு ஐயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார், சிரித்த முகம், எனக்கு ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டால் காது சூடாகிவிடும், கல்யாணமான புதிதில் சரசுவிடமே ஒன்பது நாள் பேசவில்லை, பத்தாம் நாள் அவளாகத்தான் ஊமையைக் கட்டி வைத்துவிட்டார்களா என்று கேட்டாள். காது சூடான நேரத்தில் போல்ட்டை மட்டும் எண்ணியிருக்கிறேன். வாஷரைத் தட்டில் அப்படியே விட்டிருக்கிறேன். பதினேழாவது எது என்று பார்த்தால் பார்த்தவுடனே தெரிகிறது, மற்றவற்றைவிடத் தடிமன், ஓரம் மழுங்கல், கறுப்பு அடித்திருக்கிறது. அதன் மேல் நகத்தை ஓட்டினேன். ஒரு கோடு தட்டியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு. பிளேடை எடுத்துக் கோட்டில் விட்டுத் திருகினேன், ஒன்று கழன்றது, பிறகு இன்னொன்று. ஒன்றல்ல, மூன்று. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டர்.

மூவிரண்டு ஆறு. அதை நான் ஐந்தாம் வகுப்பிலேயே படித்துவிட்டேன், ஏழோடு நிறுத்தினார்கள், ஆனால் மூவிரண்டு ஆறுக்கு அதற்கு மேல் படிப்பு வேண்டியதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். பானைத் தண்ணீர், பானை மூடியில் ஒரு எறும்பு, ஒன்றுதான், வழி தவறியது. யாரோ ஒருவன் இந்த வண்டியின் இடது பக்கத்தில் ஆறு மில்லிமீட்டரை ஒளித்து வைத்திருக்கிறான். அந்தப் பக்கத்து இரும்பு பின்னால் போயிருந்தால்தான் பம்பரை முன்னால் தள்ள வாஷர் வேண்டும். மூன்று வாஷரையும் சேர்த்து ஒட்டி, ஓரத்தைச் சுற்றித் தேய்த்து, கறுப்படித்து, ஒரே வாஷர் போல ஆக்கியிருக்கிறான், எவ்வளவு நேரம் எடுத்திருப்பான், யார் பார்க்கப் போகிறார்கள் இதை, பம்பருக்கு உள்ளே, இருட்டில், ஆனாலும் தேய்த்திருக்கிறான். நானாக இருந்தாலும் தேய்த்திருப்பேன். அந்த ஆள் எந்த ஊரோ, கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அவனோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்கலாம் போல இருந்தது, கை சுத்தமான ஆள், வேலைதான் கெட்ட வேலை. பழைய சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன், நான்கு ஸ்டாண்டு மேல் நிற்கிறது, நான்கையும் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். பானட்டுக்கு அடியில் இரண்டு இரும்புக் கால்கள் முன்னால் நீண்டிருக்கும், வண்டி எதிலாவது முட்டினால் அடியை முதலில் வாங்குவது அவைதான், மடங்கி வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும். அடிச்சட்டத்தின் நடு போல்ட்டிலிருந்து வலது கால் நுனி ஓட்டைக்கு டேப் பிடித்தேன், எழுநூற்று நாற்பத்திரண்டு. இடது கால், எழுநூற்று முப்பத்தாறு. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் முப்பத்தாறு. டேப்பை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன், டார்ச் வெளிச்சத்தில் இடது காலின் ஓரத்தில் மெல்லிய மடிப்பு தெரிந்தது, புடவைக் கொசுவம் மாதிரி, அதைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள், மேலே பசை பூசியிருக்கிறார்கள். அப்படியானால் புது பம்பர் சரி. அச்சில் வார்த்தவன் அவசரக்காரன் இல்லை. நேரான பம்பரைக் கோணல் வண்டிக்காகத் தேய்த்தவன் நான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை, காலை பத்தரை. அந்த நாளை நான் நினைக்க வேண்டாம் என்று சாக்கின் மேல் படுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நினைக்கிறேன், அது தானாக வருகிறது. டாக்டரம்மா லூயிஸிடம் கேட்டு என்னை அழைத்துக்கொண்டு போனார், வாங்குவதற்கு முன்னால் ஐயா ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும் என்று. விற்கிறவர் வீடு பணக்காரர்கள் குடியிருக்கும் ரேஸ்கோர்ஸ் பக்கம், போர்ட்டிகோவில் வண்டி, வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர், அவர் மகன் வெளிநாடு போகிறானாம். தரை எல்லாம் கண்ணாடி மாதிரி கல். நான் செருப்பை வாசலிலேயே விட்டேன், யாரும் விடச் சொல்லவில்லை. இருபத்திரண்டு இடத்தில் இடைவெளி அளந்தேன், கதவு, டிக்கி, பானட், விளக்கு, எல்லாம் நான்கு, சில இடம் நாலரை, ஒரு வண்டியின் முகம் இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. பம்பரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது உறுதி, நாக்கு நுனி வரை வந்தது, அப்போது அந்தப் பெரியவர் வெள்ளி டம்ளரில் காபி கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார், உட்காருங்க என்று நாற்காலி போட்டார். அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அவர் வீட்டுத் தரையில் எண்ணெய்ச் சாக்கை விரிக்கட்டுமா என்று எப்படிக் கேட்பது. அரை மணி நேர வேலை. கேட்கவில்லை. காபி நன்றாக இருந்தது, அதுவும் நினைவிருக்கிறது. வெளியே வந்ததும் டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தார். நான் சொன்னேன், முட்டாத வண்டிங்க அம்மிணி. அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, அன்று மாலையே வாங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து, ஐயா, ஸ்டியரிங் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கு என்றார். டயர்ல காத்து பாருங்க என்றேன். காற்று.

மூன்று மணி ஐந்துக்கு லூயிஸிடம் போய்ச் சொன்னேன். அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து யாருக்கோ கொட்டேஷன் அடித்துக்கொண்டிருந்தார், முழுவதையும் கேட்டார், வாஷர் மூன்றையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார், செய்தவன் பெரிய ஆள்தான் என்று அவரும் சொன்னார். பிறகு எழுந்து வந்து வண்டியைச் சுற்றினார், என் பட்டையை வாங்கி அவரே நான்கைந்து இடத்தில் விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறதைக் கெடுப்பார்களா என்றார், ஆறு மில்லிமீட்டருக்காக எவனாவது வண்டிக்கு அடியில் படுக்கப் போகிறானா என்றார், படுக்கிற ஒரே ஆள் நீங்கதான், உங்களையும் நான்தான் வைத்திருக்கிறேன் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"நஞ்சண்ணா, அஞ்சு மாசமா வண்டி அவங்க கையில. அவங்களே எங்கியாச்சும் வண்டிய முட்டிட்டு வெளிய பாத்துட்டு வந்திருந்தா? நீங்க பாத்தன்னைக்கு நல்லாத்தான இருந்துச்சு."

அது நான் நினைக்காத வழி. நல்ல வழி, அகலமான வழி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு லூயிஸ் நிற்கிறார். நான் வாஷர் ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். அடியில் துரு வட்டம் வட்டமாகப் படிந்திருக்கிறது, மூன்று மழைக்காலத் துரு, ஐந்து மாதத்தில் அப்படிப் படியாது. லூயிஸ் பார்த்தார். உங்களுக்குத் துரு கூடவா வயசு சொல்லும் என்று சலித்துக்கொண்டார், பிறகு, சொல்வதாக இருந்தால் நீங்களே சொல்லுங்கள், என்னால் அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியாது, போன மாதம்தான் என் கடைவாய்ப் பல்லை வலியில்லாமல் எடுத்துவிட்டார் என்றார். உள்ளே போய்க் கொட்டேஷனைத் தொடர்ந்தார்.

சொல்லாமலும் இருக்கலாம். இருந்தால் என்ன ஆகும் என்று ஒழுங்காக எண்ணிப் பார்க்கிறேன், முதலாவது ஒன்றும் ஆகாது, இரண்டாவதும் ஒன்றும் ஆகாது, இடைவெளி நான்கு, டாக்டரம்மா வருவார், சந்தோஷப்படுவார், ஐயா என்பார், துணி முடிச்சை வாங்கிக்கொண்டு போவார். சீட்டில் வாஷர் பதினாறு என்று எழுத வேண்டும், அது ஒன்றுதான் பொய், மூன்றை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் அதுவும் பொய் இல்லை. அந்த ஊர் தெரியாத ஆள் மூன்று வாஷரால் செய்ததை நான் கிரைண்டரால் செய்திருக்கிறேன், எனக்கு அடுத்து வருகிறவனுக்கு எண்ணுவதற்குக்கூட எதுவும் மிச்சம் இல்லை. மூன்றாவது, நாளைக் காலை ஏழு மணி, நேர் ரோட்டின் முடிவில் வளைவு, வளைவுக்கு அப்பால் பழைய டயர் அடுக்கிய சுவர், ஒருமுறை பிரேக் நேரம் தவறினால் போதும், வலது கால் மடங்கித் தாங்கும், இடது கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது, அது எப்படி மடங்கும் என்று யாருக்கும் தெரியாது, நேராக உள்ளே இருப்பவர் பாதம் வைக்கிற இடத்துக்கே வந்தாலும் வரும். வராமலும் போகும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வராது. மில்லில் பஞ்சு சீவும் கார்டிங் மிஷினின் பல்சக்கர மூடியில் ஒரு போல்ட் ஆடிக்கொண்டிருந்தது, எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது, நான் பார்த்தேன், மேஸ்திரி நான்கு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், நடுவில் போய் எப்படிச் சொல்வது, பேச்சு முடியட்டும் என்று நின்றேன், பதினோரு நிமிடம் நின்றேன், பிறகு சங்கு ஊதிவிட்டது. அடுத்த ஷிப்ட்டில் அந்த மிஷினில் நின்ற ராக்கியப்பனுக்கு இரண்டு விரல் போயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது, சரசுவுக்கும் தெரியாது. ராக்கியப்பன் மனம் உடையவில்லை, மீதி எட்டு விரலில் சீட்டாடி எங்கள் எல்லோரையும் ஜெயித்தார், பத்து விரல் வெச்சுக்கிட்டு என்னத்தப் புடுங்குறீங்க என்று கேட்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன், சிரித்துக்கொண்டே மனதுக்குள் பதினொன்று வரை எண்ணுவேன். இப்போதும் பதினோராவது படி என்றால் கொஞ்சம் வேகமாகத்தான் ஏறுகிறேன்.

நான்கு மணி. சொல்ல வேண்டியதை எண்ணி அடுக்கிக்கொள்கிறேன். வண்டி ஏற்கெனவே முட்டியிருக்கு, அது ஒன்று. நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன், இரண்டு. பம்பரை இடது பக்கம் தேய்ச்சுட்டேன், மூன்று. நாளைக்கு ஓட்டாதீங்க, நான்கு. நான்கே வாக்கியம். இரண்டாவதை முதலில் வைத்தால் மற்றது தானாக வரும், முதலாவதை முதலில் வைத்தால் இரண்டாவதை விழுங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும், பஸ் கண்டக்டர் தவறான டிக்கெட் கிழித்துக் கொடுத்ததைச் சொல்ல வெட்கப்பட்டு அந்த டிக்கெட் போகிற இடம் வரை போய் நடந்து திரும்பியவன் நான், இரண்டு கிலோமீட்டர், சரசு இன்றும் ஊரெல்லாம் சொல்கிறாள். எனவே இரண்டாவது முதலில். விசித்திரம் என்னவென்றால், இவ்வளவுக்கும் நடுவில் மனது கனமாக இல்லை. துணியால் பம்பரைத் துடைக்கிறேன், வெயில் சரிந்து நீலத்தின் மேல் விழுகிறது, விளிம்பு ஓடுகிற கோடு ஒரே மூச்சில் ஓடுகிறது, இன்னும் ஒரு மணி நேரம்தான் இந்த அழகு, அதற்குப் பிறகு நானே கழற்ற வேண்டும், கழற்றப் போகிற வேலைக்கு எதற்கு மெருகு, ஆனாலும் கை துடைக்கிறது. எனக்கு இந்த வேலை பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை. டப்பாவில் பழைய போல்ட் உருளும் சத்தம்கூடப் பிடிக்கும். சீட்டு எழுதினேன். போல்ட் 16. வாஷர் 19, ஒட்டியிருந்த மூன்றையும் தனித்தனியாக எண்ணி. ஒன்பதின் வால் கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது, வேறு சீட்டு எடுத்துத் திரும்ப எழுதினேன்.

ஐந்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஆட்டோவில் வந்து இறங்கினார். காலையில் கட்டியிருந்த புடவை இல்லை, ஜீன்ஸ், ஆஸ்பத்திரி வாசம் மட்டும் இன்னும் போகவில்லை. வண்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார், பிறகு முன்னால் குந்தி உட்கார்ந்து இடது விளிம்பில் சுட்டுவிரலை மெதுவாக ஓட்டினார், பல்லைத் தடவிப் பார்க்கிற விரல், என் வேலையைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் உள்ளங்கையால் தட்டுவார்கள், இவர் விரல் நுனியால் பார்க்கிறார். ஒரு இடத்தில்கூடத் தட்டலையே ஐயா என்றார். காது சூடாகிவிட்டது. நான்கு வாக்கியமும் எங்கேயோ போயிற்று. லூயிஸ் அறைக் கதவு அரை அங்குலம் திறந்திருந்தது. எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு கிளாஸ் வரை கேட்டேன், எட்டாவதற்கு வாயைத் திறந்தேன்.

"நான் அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டனுங்க அம்மிணி."

எதை என்று கேட்டார். உள்ளங்கையை விரித்து வாஷர் மூன்றையும் காட்டினேன், அதற்கு மேல் வாய் தானாக ஓடியது, சாக்கின் மேல் அவரே மண்டியிட்டுக் குனிய, டார்ச் பிடித்து மடிப்பைக் காட்டினேன், டேப் பிடித்து நாற்பத்திரண்டும் முப்பத்தாறும் காட்டினேன், காலையில் எதைத் தேய்த்தேன் என்று காட்டினேன், ரேஸ்கோர்ஸ் வீட்டுக் காபியைக்கூடச் சொல்லிவிட்டேன், கழற்றிப் பார்க்கக் கேட்க வெட்கமாக இருந்தது என்று சொன்னபோது அவர் டார்ச் வெளிச்சத்திலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்."

"ஆமாங்க."

அவர் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார், ஸ்டாண்டு மேல் நிற்கிற வண்டி, ஒருவர் உட்காரத் தாங்கும், ஆனாலும் நான்கையும் கண்ணால் ஒருமுறை பார்த்தேன். ஸ்டியரிங் மேல் இரண்டு கையும் வைத்து அப்படியே இருந்தார். வைத்துக்கொள்ள இடமில்லாமல் என் கைகள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. எண்ணவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். இறங்கி வந்து, நீங்க சொல்லாம இருந்து, நான் இன்னைக்கு வண்டியை எடுத்துட்டுப் போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா என்று கேட்டார். தெரிஞ்சிருக்காதுங்க என்றேன். தலையாட்டினார். அவர் ஆஸ்பத்திரிக்குச் சிலர் வருவார்களாம், மேலே கேப் போட்டுப் பல் பளபளவென்று இருக்கும், எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே வேர் அழுகியிருக்கும், போட்ட டாக்டருக்கும் தெரிந்திருக்கும், சொல்லியிருக்கமாட்டார். அதைச் சொல்கிறபோது அவர் குரலில் இருந்த கோபம் என் மேல் இல்லை என்று தோன்றியது, நிச்சயமாகத் தெரியவில்லை. இதைச் சரி செய்ய முடியுமா என்றார். முடியும் என்றேன், சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தை இழுத்து நேராக்கும் மேடையில் ஏற்றி அந்த இடது காலையே மாற்ற வேண்டும், நிமிர்த்துவது போதாது, எட்டு நாள், நானே கூட நின்று அளந்து கொண்டுவருவேன், வண்டி நேரானால் இந்த பம்பர் இடது பக்கம் ஆறு மில்லிமீட்டர் குறையும், அதை ஃபைபர் துணி வைத்து நான் வளர்த்துக் கொடுத்துவிடுவேன். வளர்ப்பதா, பல் வளர்க்கிற மாதிரியா என்றார். அப்போது வாயோரத்தில் ஏதோ வந்தது, சிரிப்பு என்று சொல்லமுடியாது, அதற்குச் சற்றுக் குறைவு.

கைப்பேசியை எடுத்து, நாளை மைதானத்துக்குக் கூட வரவிருந்த சிநேகிதியைக் கூப்பிட்டார். நான் நகர்ந்துகொள்ளப் பார்த்தேன், ஸ்பேனரை எடுப்பது போலக் குனிந்தேன், பட்டறை சிறியது, காதில் விழத்தான் செய்தது. நாளைக்கு வரலைடி என்றார். இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, வண்டி ஏற்கெனவே ஒருமுறை அடி வாங்கினதாம், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது, நம்ம ஐயா கண்டுபிடிச்சுட்டார் என்றார். நம்ம ஐயா. அதை அப்படியே விட்டுவிடலாம். ஸ்பேனர் கையில் இருக்கிறது, முதுகு அவர் பக்கம், கேட்காதது போல இருந்துவிடலாம், நல்ல பெயர்தானே, யாருக்கு என்ன நஷ்டம். ஆனால் கணக்கில் பாதிதான் வந்திருக்கிறது. நிமிர்ந்து திரும்பினேன்.

"தவற விட்டதும் நான்தானுங்க," என்றேன், போனில் இருப்பவருக்கும் கேட்கிற அளவுக்கு, எனக்கே என் குரல் பெரிதாக இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். போனைக் காதை விட்டு எடுக்காமல், "தவற விட்டதும் அவர்தானாம்டி," என்றார், பிறகு அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் தலையை அண்ணாந்து முழுதாகச் சிரித்தார், லூயிஸ் அறைக் கதவு முழுதாகத் திறந்தது, நான் பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து முதல் போல்ட்டைத் தளர்த்தினேன்.